வருகையின் நோக்கம்

நாகர்கோவில் வன அலுவலகத்தில்
ஒரு தாள் கொடுத்தார்கள்.
பெயர், ஊர், ஆட்கள் எத்தனை,
ஆதார் நகல், வண்டி எண்,
எந்த மலை.
கடைசிக் கட்டத்தில்: வருகையின் நோக்கம்.
தாளை நாலாக மடித்து
ஏலக்காரர் தந்த மீன் சீட்டோடு
பையில் வைத்துக்கொண்டு
முட்டம் பஸ் ஏறினேன்.

நாற்பத்தொரு வயதில்
மலையை நான் கடலில் நின்றுதான் பார்த்திருக்கிறேன்.
கரையில் தென்னையும் மாடிவீடும்
அதை மறைத்துக்கொள்ளும்.
பன்னிரண்டு பாகம் தாண்டினால்
மணல் போகும்,
தென்னை போகும்,
கோயிலின் சிலுவை மட்டும் மிஞ்சும்.
அதன் பின்னால்
தூங்கி எழும்பினவன்போல்
மெல்லத் தோள் உயர்த்தும் மலை.
விலக விலக வளர்கிற ஒன்றை
வேறெங்கும் நான் கண்டதில்லை.

இரண்டு கொம்புக்கு நடுவே ஒரு பள்ளம்.
அதைச் சிலுவைக்கு நேரே கொண்டுவா.
மேற்கே மொட்டைப் பாறையை
லைட் ஹவுசுக்கு ஒரு விரல் தள்ளிப் பிடி.
கல்லைப் போடு.
கீழே என் பார்.
பாருக்குள் கலவா.
இந்தக் கணியம் கிளீட்டஸுக்குத் தெரியாது.
அவனுடையது எனக்கும் தெரியாது.

ஞாயிறு பூசை முடிந்து
வள்ளத்தின் நிழலில் ஐந்து பேர் கூடினோம்.
ஞாயிறு எங்களுக்குக் கடல் இல்லை,
அலுவலகமும் இல்லை.
ஆனியில் வள்ளம் கரையேறிக் கிடக்கும்,
கையில் நேரம் இருக்கும்.
ஆனியில்தான் மலையில் மழை, அட்டை,
பாதை அடைப்பு.
தை பிறந்தால் மலை திறக்கும்,
அப்போது எங்கள் கையில் தூண்டில்.
சரி, ஒரு நாள் கூலி போகட்டும் என்றான் ஆன்றோ.
கீரிப்பாறை வரை வேன்,
ஆளுக்கு நானூறு,
புட்டும் கருவாட்டுப் பொரியலும் வாழையிலையில்,
பாலித்தீன் கூடாதாம்.
பெனான்சியூஸ் பீடி வேண்டாமென்று
சத்தியம்கூடச் செய்தான்.

எல்லாம் எந்த மலை என்றதில் உடைந்தது.

கிழக்கே உள்ளதுதான் என்றான் கிளீட்டஸ்.
மூக்குபோல் நீண்டதுதான் என்றான் ஆன்றோ.
காரணம் கேட்டால்
காற்று நன்றாயிருக்கும் என்றார்கள்.
காற்றாம்.
கடலில் கிடக்கிறவனுக்குக் காற்றுப் பஞ்சம்!

அவனவன் பள்ளத்தில் ஏறி நின்று
சிலுவைக்கு நேரே திரும்பிப் பார்த்தால்
கோடு போய் விழுவது
அவனவன் பாரில்.
ஐந்து பேர் அங்கே நின்றால்
மறுநாள் அது ஐந்து பேர் பார்.
நானும்தான்,
என் கொம்பை விட்டு
யாருக்கும் உதவாத ஒரு குன்றைச் சொன்னேன்.

இரவு ஜெனோபியாவிடம் சொன்னேன்,
பள்ளத்தை மட்டும் வாய்தவறி.
மீன் சட்டியைக் கழுவியவள் நிமிர்ந்தாள்.
"எந்தப் பள்ளம்?
வாரம் மூணு நாளு பூதப்பாண்டி சந்தைக்குப் போறேன்,
அப்படி ஒண்ணு அங்க இல்ல.
நீரு சொல்ற கொம்பு ரெண்டும்
வேற வேற மலை ஓய்.
ஒண்ணு முன்ன, ஒண்ணு தூரத்துல.
நடுவுல ரப்பரு, வாழ,
ஒரு பள்ளிக்கூடம் கெடக்கு.
கெழங்கு விக்கிற டேய்சி வீடும் அங்கதான்."

இருபது வருடம்
நான் குறிவைத்த இடத்தில்
பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மறுநாள் விடியலில்
பள்ளம் சிலுவைக்கு நேரே வந்து நின்றது,
ஒரு முடி விலகாமல்.
கல்லைப் போட்டேன்.
நாலு கலவா.

தாள் இன்னும் பையில் இருக்கிறது,
ஓரம் உப்பில் விறைத்து.
ஆட்கள் ஐந்தை அடித்து
இரண்டு என்று எழுதினேன்.
நோக்கம் வெறுமையாகவே கிடக்கட்டும்.
மலையின் பெயரை மட்டும்
அவள் சந்தையிலிருந்து வந்ததும்
கேட்டு எழுத வேண்டும்.